டிகேஎம்எஸ்: ஒரு வரித் திருத்தத்துக்கு ஆறு மாதக் குடித்தனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் காசு கொடுத்து வாங்கியது ஒரு புளூடூத் டாங்கிள். அது சரியாக ஓடாததால்தான் லினக்ஸின் மையமான கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவர்களைத் தானாகத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ் என்ற இலவசக் கருவியிடம் போய்ச் சேர்ந்தேன். ஆறு மாதம் அதோடு குடித்தனம் நடத்தியாகிவிட்டது, நல்லது கெட்டது இரண்டும் பார்த்தாகிவிட்டது. இந்த விமர்சனம் டாங்கிளுக்கு இல்லை, டிகேஎம்எஸ்ஸுக்கு. டாங்கிளின் பெயர் வேண்டாம், கடை பெயரும் வேண்டாம்.

ரிச்சி தெருவில் வாங்கினேன். "லினக்ஸ்ல ஓடுமாண்ணே?" என்று கேட்டேன். "எல்லாத்துலயும் ஓடும் சார், சொருகினா போதும்" என்றார். பொய் என்றும் சொல்ல முடியாது. உபுண்டு 24.04-இல் சொருகினேன், புளூடூத் ஐகான் வந்தது, ஆன் செய்ய முடிந்தது. ஹெட்செட்டைத் தேடச் சொன்னால் மட்டும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு டிவிகூடக் கண்ணில் படவில்லை.

காரணம் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆனது. இந்த மாதிரி சிப்புக்குள் அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் முழுசாக இருக்காது, ஒவ்வொரு முறை சொருகும்போதும் டிரைவர்தான் அதை ஏற்ற வேண்டும். லினக்ஸில் யூஎஸ்பி புளூடூத்துக்கான டிரைவர் பிடியூஎஸ்பி என்ற மாட்யூல், அதாவது கெர்னலில் மாட்டும் ஒரு துண்டு. அதன் சோர்ஸ் (மூல நிரல்) ஃபைலுக்குள் நீளமாக ஒரு அட்டவணை இருக்கிறது: இந்த எண் கொண்ட கருவி வந்தால் இந்தக் கம்பெனி சிப், இப்படி ஃபர்ம்வேர் ஏற்று என்று வரிவரியாக. என் டாங்கிளின் எண் அதில் இல்லை. இல்லாததால் "சரி, ஏதோ பொதுவான புளூடூத்" என்று எடுத்துக்கொண்டு ஃபர்ம்வேர் ஏற்றாமலே விட்டுவிட்டது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ஃபர்ம்வேர் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் துப்பு. ஆக, குறை மொத்தமும் அட்டவணையில் ஒரு வரி.

இங்கேதான் நிறைய பேர் பயந்து ஓடிவிடுகிறார்கள். கெர்னல் என்றாலே மொத்தத்தையும் கம்பைல் செய்ய வேண்டும், லேப்டாப் ராத்திரி முழுக்கச் சூடாகிக் கத்தும், காலையில் பூட் ஆகாது என்ற நினைப்பு. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் மாட்யூல் என்பதே தனியாகக் கழற்றி மாட்டுவதற்காகச் செய்தது. வீட்டில் ஒரு குழாய்க்கு வாஷர் போனால் வாஷரை மாற்றுவோம், ஓவர்ஹெட் டேங்கை இடிக்க மாட்டோம். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் ஹெடர் பேக்கேஜ் (மாட்யூல் கட்டத் தேவையான அறிவிப்பு ஃபைல்கள்), ஜிசிசி என்ற கம்பைலர், கட்டும் வேலையை நடத்தும் மேக் இவை இருந்தால் ஒரு மாட்யூலை மட்டும் கட்டிவிடலாம். என் பழைய மெஷினிலேயே அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த அரை நிமிடத்துக்கு வருவதற்குள் நான் விழுந்த குழிகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றில் பாதியை டிகேஎம்எஸ் மூடுகிறது, மீதியை மூடவில்லை.

முதல் குழி, சோர்ஸை எங்கிருந்து எடுப்பது என்பது. அவசரத்தில் கெர்னல் டாட் ஆர்க்கில் இருந்து 6.11 என்று இருந்ததை இறக்கி, அதற்குள்ளேயே மாட்யூலைக் கட்டி, ஏற்றிப் பார்த்தேன். "இன்வாலிட் மாட்யூல் ஃபார்மேட்" என்றது. டிமெசேஜைப் பார்த்தால் காரணத்தைப் புட்டுப் புட்டு வைத்திருந்தது: மாட்யூலின் வெர்மேஜிக் 6.11.0, இருக்க வேண்டியது 6.11.0-19-ஜெனரிக். வெர்மேஜிக் என்பது ஒவ்வொரு மாட்யூலிலும் குத்தியிருக்கும் முத்திரை மாதிரி; எந்தக் கெர்னலுக்காகக் கட்டியது, எஸ்எம்பி, ப்ரீஎம்ப்ட் போன்ற அமைப்புகள் உண்டா என்பதெல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடாது. மாட்யூலை ஏற்றி இறக்கும் மாட்ப்ரோப் கட்டளையில் வலுக்கட்டாயமாக ஏற்ற வழி இருக்கிறது, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். முத்திரையைத் தாண்டிப் போனாலும் அதற்குப் பின்னால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது, அது காரணத்தோடுதான் இருக்கிறது. ஸ்ட்ரக்சரின் அளவு ஒரு பைட் மாறியிருந்தால்கூட மாட்யூல் தவறான இடத்தில் எழுதலாம், மெஷின் அப்படியே உறைந்து நிற்கலாம். சரியான வழி, உபுண்டுவின் அதே வெர்ஷன் சோர்ஸ் பேக்கேஜை எடுப்பது. பேக்கேஜ்களை இறக்கும் ஆப்ட் கருவியில் ஆப்ட் சோர்ஸ் போட்டால் இருநூறு எம்பிக்கு மேல் இறங்கி, விரித்ததும் ஒரு ஜிபியைத் தாண்டும். அத்தனையிலும் எனக்கு வேண்டியது டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் புளூடூத் என்ற ஒரே ஒரு ஃபோல்டர்.

ஃபோல்டர் என்று அழுத்திச் சொல்கிறேன், ஃபைல் இல்லை. பிடியூஎஸ்பி டாட் சி ஒன்றை மட்டும் தனியாக எடுத்துப் போய்க் கட்டினால், பிடிஇன்டெல் டாட் ஹெச் காணவில்லை என்று நிற்கும். ஹெடர் பேக்கேஜ்தான் போட்டிருக்கிறோமே என்று தோன்றும். அது வெளியாருக்கான ஹெடர்களை மட்டும்தான் தருகிறது. பக்கத்து ஃபைல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் டாட் ஹெச் ஃபைல்கள் அதில் வராது. ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்து, அட்டவணையில் ஒரு வரி சேர்த்து, மேக் கட்டளையில் மைனஸ் சி-க்கு ஹெடர் இருக்கும் இடத்தையும், பெரிய எம் ஈக்வல்டுவுக்கு நம் ஃபோல்டரையும் கொடுத்தேன். நாலு வரி ஓடி முடிந்தது. "பிடிஎஃப் ஜெனரேஷன் ஸ்கிப் செய்யப்பட்டது" என்று ஒரு மிரட்டல் வரும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். ஹெடரோடு விஎம்லினக்ஸ் என்ற முழுக் கெர்னல் ஃபைல் வராததால் சொல்கிறது, மாட்யூல் ஓடுவதற்கு அது தேவையே இல்லை.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம். பழைய மாட்யூலை மாட்ப்ரோப் மைனஸ் ஆர் போட்டுக் கழற்றினேன், புதியதை இன்ஸ்மாட் போட்டு ஏற்றினேன். "அன்நோன் சிம்பல்" என்றது. ஐந்து நிமிடம் முன்பு சுத்தமாகக் கம்பைல் ஆன பொருள்! விஷயம் என்னவென்றால், மாட்ப்ரோப் கழற்றும்போது அந்த மாட்யூலை மட்டுமில்லாமல் அதற்குத் துணையாக இருந்து இப்போது வேலையில்லாமல் போனவற்றையும் சேர்த்து அனுப்பிவிடும். இன்ஸ்மாட்டோ கொடுத்த ஃபைலை மட்டும்தான் ஏற்றும், துணைகளைத் தேடிப் போகாது. கல்யாண வீட்டில் சமையல்காரரைத் திருப்பி அனுப்பியபோது அவரோடு வந்த ஆட்களும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள், இப்போது புதுச் சமையல்காரர் மட்டும் தனியாக நிற்கிறார். அப்புறம் பழைய பிடியூஎஸ்பியையே ஒரு தடவை ஏற்றி, ஆர்எம்மாட் போட்டு அதை மட்டும் கழற்றி, புதியதை ஏற்றினேன்.

வரிசைப்படி இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த குழியைக் கடைசியாகச் சொல்கிறேன்: "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்." ஆமாம், செக்யூர் பூட். பயாஸில் அது ஆனில் இருந்தால் கையெழுத்து இல்லாத மாட்யூலைக் கெர்னல் தொடாது. பலர் உடனே பயாஸுக்குப் போய் அதை ஆஃப் செய்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, வீட்டுக் கதவு இறுகிவிட்டது என்று பூட்டையே கழற்றி எறிகிற வேலை. நாமே ஒரு சாவி உருவாக்கி, மோக்யூட்டில் என்ற கட்டளை மூலம் பதிந்து, ரீபூட்டில் நீல ஸ்கிரீனில் ஒப்புதல் கொடுத்தால் போதும். அந்த நீல ஸ்கிரீன் பத்து விநாடிதான் காத்திருக்கும். நான் காபி எடுக்கப் போய்த் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை ஸ்கிரீன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன், ஆனால் என் வயர்லெஸ் கீபோர்டு அங்கே எடுபடவில்லை. ஓர் எழுத்துகூட அடிக்க முடியவில்லை. பரணில் இருந்து பழைய வயர் கீபோர்டை இறக்கித் தூசி தட்டியதில் எனக்குத் தும்மல்தான் மிச்சம்.

ஒருவழியாக ஏறியது. வெளியிலிருந்து வந்த மாட்யூல் கெர்னலைக் கறைப்படுத்துகிறது என்று டிமெசேஜ் ஒரு முறை முறைத்தது, அடுத்த வரியிலேயே ஃபர்ம்வேர் ஏறும் செய்தி வந்தது. ஹெட்செட் இரண்டு விநாடியில் சேர்ந்துகொண்டது.

பத்து நாள் நிம்மதி. பதினொன்றாம் நாள் வழக்கம்போல அப்டேட் வந்தது, கெர்னல் எண்ணின் கடைசியில் ஒரு சின்ன மாற்றம், ரீபூட் செய்தேன், ஹெட்செட் செத்துவிட்டது. ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூல் ஃபோல்டர் தனி, நான் கட்டியது பழைய ஃபோல்டரிலேயே தங்கிவிட்டது. இப்படி ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் டிகேஎம்எஸ்ஸுக்கு வந்தேன்.

தெரியாதவர்களுக்கு: டைனமிக் கெர்னல் மாட்யூல் சப்போர்ட் என்பதன் சுருக்கம். 2003-இல் டெல் கம்பெனியில் பிறந்தது, கெர்னல் மாறுவதற்காகக் காத்திருக்காமல் டிரைவரைத் தனியாகக் கொடுக்கவும், கெர்னல் மாறினால் டிரைவர் அதுவாகவே திரும்பக் கட்டிக்கொள்ளவும் வேண்டும் என்பதற்காக. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் உள்ளே பார்த்தால் பெரும்பாலும் ஒரு நீளமான பேஷ் ஸ்கிரிப்ட்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கே சிக்கினாலும் திறந்து படிக்க முடிகிறது.

வைப்பது சுலபம். யூஎஸ்ஆர் எஸ்ஆர்சி-க்குள் மாட்யூல் பெயர், ஒரு கோடு, வெர்ஷன் எண் என்ற பெயரில் ஃபோல்டர். அதற்குள் சோர்ஸ், கூடவே டிகேஎம்எஸ் டாட் கான்ஃப் என்று ஐந்தாறு வரி ஃபைல். ஃபோல்டர் பெயரும் உள்ளே எழுதிய பெயரும் வெர்ஷனும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் ஏற்காது. ஆட், பில்ட், இன்ஸ்டால் என்று மூன்று கட்டளை. ஆட்டோஇன்ஸ்டால் என்ற வரியில் யெஸ் போட்டுவிட்டால் அதன் பிறகு நம் வேலை இல்லை. கையெழுத்துப் போடுவதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது; உபுண்டுவில் சாவியை ஒருமுறை பதிந்தால் ஒவ்வொரு புதுக் கட்டுமானத்திலும் அதே சாவியால் ஒப்பமிடுகிறது. கட்டியதை அப்டேட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் வைக்கிறது. உபுண்டுவில் அந்த இடத்துக்குத்தான் முதலிடம், அதனால் ஒரிஜினல் மாட்யூலை அழிக்க வேண்டியதே இல்லை. நான் கையால் செய்தபோது ஒரிஜினல் இருந்த இடத்திலேயே என்னுடையதைப் போட்டு, சுருக்கிய ஃபைல் ஒன்று, சுருக்காத ஃபைல் ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு வைத்துக்கொண்டு, எது ஏறுகிறது என்று தெரியாமல் முழித்தது ஞாபகம் வந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே முழு நட்சத்திரம் கொடுக்கலாம்.

அதன் பிறகு 6.11-க்குள்ளேயே நாலைந்து சின்ன அப்டேட் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆப்ட் ஓடும்போது ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். ரீபூட் செய்தால் ஹெட்செட் தயாராக இருக்கும். டிகேஎம்எஸ் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

எரிச்சல்களும் உண்டு. பில்ட் தோற்றால் ஸ்கிரீனில் "பேட் ரிட்டர்ன் ஸ்டேட்டஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேக் டாட் லாக் ஃபைலைப் போய்ப் பார் என்று கைகாட்டும். உண்மையான எரர் அதில் கடைசி பத்து வரிக்குள் இருக்கும். அந்தப் பத்து வரியை ஸ்கிரீனிலேயே காட்டினால் என்ன குறைந்துவிடும்? அதே வெர்ஷன் எண்ணை வைத்துக்கொண்டு சோர்ஸில் ஒரு எழுத்து மாற்றிவிட்டு மறுபடி பில்ட் என்றால், ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று சும்மா இருக்கும், ஃபோர்ஸ் போட வேண்டும். நான் திருத்திய வரி வேலை செய்யவில்லை என்று அரை மணி நேரம் தேடியது, திருத்தவே படாத பழைய மாட்யூலை. அப்புறம் மெஷினில் கம்பைலர் நிரந்தரமாக இருக்க வேண்டும். வீட்டு லேப்டாப்புக்குப் பரவாயில்லை, சர்வரில் கம்பைலர் வைக்க விரும்பாதவர்கள் நிறைய. கம்பைலர் வெர்ஷனும் ஒரு தொல்லைதான்: தம்பி இன்னும் 22.04-இல் இருக்கிறான், அங்கே இயல்பாக வருவது ஜிசிசி 11, ஆனால் பின்னால் வந்த 6.5 கெர்னல் ஜிசிசி 12-ஆல் கட்டியது. டிகேஎம்எஸ் ஓடியதும் எஃப் ட்ரிவியல் ஆட்டோ வார் இனிட் என்ற ஆப்ஷன் எனக்குத் தெரியாது என்று ஜிசிசி கையை விரித்துவிட்டது. "அண்ணா, கெர்னல் கெட்டுப்போச்சு" என்று போன் செய்தான். கெர்னலுக்கு ஒன்றும் இல்லைடா, ஜிசிசி 12 போடு என்றேன், சரியானது.

அப்புறம் 2025 ஆகஸ்டில் 24.04-க்கு 6.14 கெர்னல் வந்தது. அப்டேட் பாதியில் சிவப்பாக நின்றது. ஹெடர் பேக்கேஜை அமைக்கும்போது டிகேஎம்எஸ் பில்ட் தோற்று, அந்தத் தோல்வியால் பேக்கேஜே பாதி நிறுவிய நிலையில் தொங்குகிறது. அதற்குப் பிறகு ஆப்ட்டில் எதைத் தொட்டாலும், ஒரு எடிட்டர் போடப் போனால்கூட, கடைசியில் அதே சிவப்பு வரிகள். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு புளூடூத் மாட்யூல் கட்ட முடியவில்லை என்பதற்காக மொத்த மெஷினின் அப்டேட்டும் மூச்சுத் திணற வேண்டுமா? சொல்லாமல் விடுவதைவிட இது மேல் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள், டிஸ்க் முழுக்க இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் வைத்திருப்பவருக்கு அந்த வாதம் சரி. எனக்கு இல்லை. எந்தக் கெர்னலுக்கு மட்டும் கட்ட வேண்டும் என்று கான்ஃப் ஃபைலில் பில்ட் எக்ஸ்க்ளூசிவ் கெர்னல் என்ற வரியில் வரம்பு போடலாம், போட்டிருந்தால் தோற்காமல் அமைதியாகத் தாண்டிப் போயிருக்கும். அந்த வரி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

லாக்கைத் திறந்தேன். ஏஎஸ்எம் ஃபோல்டரில் அன்அலைன்ட் டாட் ஹெச் காணவில்லை. 6.12-இல் அந்த ஹெடரை லினக்ஸ் என்ற ஃபோல்டருக்கு மாற்றிவிட்டார்கள். கெர்னல்காரர்கள் இதில் வெளிப்படையாகவே இருக்கிறார்கள்: கெர்னலுக்குள் இருக்கும் இணைப்புகள் எப்போது வேண்டுமானாலும் மாறும், நிலையாக வைப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்று கெர்னலின் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் டிரைவர்களை மாற்றுபவரே சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருப்பவன் பாடு அவனவன் பாடு. நான் என்ன செய்திருந்தேன்? உள்ளே இருந்து ஒழுங்காகத் திருத்தம் பெற்றுக்கொண்டிருந்த ஒரு டிரைவரை 6.11 நிலையிலேயே பிடுங்கி எடுத்து, உறைய வைத்து, வெளியே வைத்துவிட்டேன். தப்பு டிகேஎம்எஸ் மேல் இல்லை. என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ், இசட்எஃப்எஸ் மாதிரி எப்போதும் வெளியிலேயே வாழ்ந்து, புதுக் கெர்னலுக்கு ஏற்பத் திருத்த ஆட்கள் இருக்கும் மாட்யூல்களுக்குத்தான் அது. வயர்கார்டு என்ற விபிஎன்கூட 2020-இல் 5.6 கெர்னலுக்குள் சேரும் வரை இந்த வழியில்தான் பல மெஷின்களுக்குப் போனது. சேர்ந்த பிறகு டிகேஎம்எஸ் தேவைப்படவில்லை.

அந்த ஒரு ஹெடர் வரியைத் திருத்தினால் போதுமா, அடுத்து என்ன வெடிக்கும் என்று தெரியாது. ஆகவே பழையதை ஒட்டுப் போடாமல் 6.14-இன் சோர்ஸையே இறக்கி அதில் என் வரியைச் சேர்ப்போம் என்று உட்கார்ந்தேன். மறுபடி இருநூறு எம்பி, மறுபடி புளூடூத் ஃபோல்டர், பிடியூஎஸ்பி டாட் சி-யைத் திறந்து, அட்டவணையில் எங்கே சேர்க்கலாம் என்று என் டாங்கிளின் எண்ணைத் தேடினேன்.

எண் அங்கேயே இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் இதே டாங்கிளை வாங்கி, இதே சக்கரம் சுற்றுவதைப் பார்த்து, ஆனால் என்னைப் போலத் தன் மெஷினோடு நிறுத்திக்கொள்ளாமல், டீபக் ஃபோல்டருக்குள் யூஎஸ்பி டிவைசஸ் என்ற ஃபைலில் அந்தக் கருவிக்கு வரும் விவர வரிகளையெல்லாம் முறையாக எடுத்து ஒட்டி, கெர்னல்காரர்களுக்கு ஒரு வரிப் பேட்ச்சாக (திருத்தமாக) அனுப்பியிருக்கிறார். நான் சேர்த்த அதே வரி, அதே ஃப்ளாக்குகள், கமா உட்பட.

டிகேஎம்எஸ்ஸில் இருந்து என் பிடியூஎஸ்பியை ரிமூவ் மைனஸ் மைனஸ் ஆல் போட்டு நீக்கினேன், டிபேக்கேஜ் கான்ஃபிகர் ஓடியது, தொங்கிக்கொண்டிருந்த ஹெடர் பேக்கேஜ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அமர்ந்தது. 6.14-இல் பூட் செய்தேன். டிமெசேஜில் ஃபர்ம்வேர் ஏறும் வரி, கறை பற்றிய வரி இல்லை, ஹெட்செட் சேர்ந்தது.

நட்சத்திரம் கேட்பவர்களுக்கு, ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று, லாக்கை ஒளித்து வைப்பதற்கும் ஆப்ட்டைத் தொங்கவிடுவதற்கும். விர்ச்சுவல்பாக்ஸுக்காக டிகேஎம்எஸ் இன்னும் மெஷினில்தான் இருக்கிறது, ஸ்டேட்டஸ் கேட்டால் இப்போது ஒரே ஒரு வரி காட்டுகிறது. வயர் கீபோர்டை மட்டும் பரணில் ஏற்றவில்லை, மேசைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன்.